தேர்விலிருந்து பின்னோக்கி எண்ணிய ஆண்டு

1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்தபோது அதற்கென்று ஒரு வகுப்பறையும் இல்லை, ஓர் ஆசிரியரும் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவிலும் ஜூலையில் பம்பாயிலும் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களுக்கும் இதே நிலைதான். மூன்றுக்கும் மாதிரியாக அமைந்தது 1836-இல் பட்டயம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. கேள்வித்தாள் தயாரிப்பதும் தேர்வு நடத்துவதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை. தேர்வு மட்டுமே நடத்தும் ஓர் அமைப்புக்கு ஆண்டில் ஒரே ஒரு தேதிதான் முக்கியம். அந்தத் தேதியைப் பல்கலைக்கழகம் குறித்துக் கொடுத்தது. மிச்சமிருந்த நாட்களைக் கல்லூரிகள் அதற்கேற்ப நிரப்பிக்கொண்டன. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பல்கலைக்கழகங்கள் பெருகி, பாடத்திட்டங்கள் பலமுறை மாறியும், தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆண்டு இன்னமும் தேர்வு நாளில் நின்றுகொண்டு பின்னோக்கித்தான் எண்ணப்படுகிறது. ஒரு மாணவரோ பெற்றோரோ கல்லூரி ஆண்டைப் புரிந்துகொண்டு திட்டமிட நினைத்தால் முதலில் இந்த வரலாற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

அந்த ஏற்பாட்டால் நன்மையும் விளைந்தது. அதை மறைத்துவிட்டு மேலே பேசுவது நியாயமாகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும். பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிய தாமோதரம் பிள்ளை, சென்னைக்கு வந்தது 'தினவர்த்தமானி' இதழில் வேலை பார்ப்பதற்காக. வேலையில் இருந்த ஒருவர் பட்டம் பெற முடிந்ததற்குக் காரணம், பல்கலைக்கழகம் அவரிடம் கேட்டது தேர்வு எழுதும் தகுதியை மட்டும் என்பதுதான். எந்த ஊர், எந்தக் கல்லூரி, எந்தக் குடும்பம் என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் வைத்தது அந்தக் காலத்துச் சமூகத்தில் சாதாரணக் காரியம் அல்ல. கும்பகோணத்தில் படித்தவரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவரும் ஒரே அளவுகோலில் நிறுக்கப்பட்டார்கள்.

ஆனால் அந்த அளவுகோல் எப்படி ஆண்டையே தன்வசப்படுத்திக்கொண்டது என்பதைக் கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்கலாம். அவர் மெட்ரிகுலேஷன் தேறியது 1903 டிசம்பரில். அடுத்த மாதமே, 1904 ஜனவரியில், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. (ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்) வகுப்பில் சேர்ந்தார். அப்போது கல்லூரி ஆண்டு ஜனவரியில் பிறந்து டிசம்பரில் முடிந்தது. டிசம்பர்தான் தேர்வு மாதம். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் மேல்வகுப்புக்குப் போக முடியாமல் உதவித்தொகையையும் இழந்தார். 1905-இல் ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்து மறுபடி சேர்ந்தபோது, அந்த ஆண்டுக்கான வருகை நாட்கள் போதவில்லை. தேர்வெழுத அனுமதிக்கும் டேர்ம் சர்டிஃபிகேட் கிடைக்கவில்லை. ஆக, சில மாதங்கள் வகுப்புக்குப் போகாததற்கு விலை ஒரு முழு ஆண்டு. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எழுதித் தோற்றார். இங்கே இரண்டு கதவுகளைப் பார்க்கிறோம். ஒன்று வருகைப் பதிவு, மற்றொன்று டிசம்பர்த் தேர்வு. இரண்டும் ஆண்டுக்கு ஒருமுறைதான் திறந்தன. இடையில் ஒரு மாணவருக்கு என்ன நேர்ந்தாலும் அந்த ஆண்டுக்குள் அதைச் சரிசெய்துகொள்ள வழியே இல்லை. பாடத்தில் தோற்றது அவருடைய குறைதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவம் தவறியதற்கு ஓர் ஆண்டு போனது நாட்காட்டியின் குறை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கல்லூரி ஆண்டை வகுத்தது தேர்வு அல்ல, வெயில்தான். ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பில் உட்கார முடியாது என்பதால் கோடை விடுமுறை வந்தது, அதைச் சுற்றி ஆண்டு அமைந்தது என்று சொல்வார்கள். விடுமுறையைப் பொறுத்தவரை இது உண்மை. சென்னை அரசாங்கமே கோடையில் கோப்புகளைக் கட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்கு ஏறிய காலம் அது. உயர் நீதிமன்றம் மே மாதத்தில் இன்றைக்கும் விடுமுறையில்தான் இருக்கிறது. ஆனால் வெயில் ராமானுஜன் காலத்திலும் அதே மாதங்களில்தான் அடித்தது. அப்போது கல்லூரி ஜனவரியில் தொடங்கியது, கோடை ஆண்டின் நடுவில் வந்துபோனது. பிறகு எஃப்.ஏ. மறைந்து இன்டர்மீடியட் வந்த காலத்தில் தேர்வு மார்ச்சுக்கு வந்திருந்தது. கல்லூரித் திறப்பும் கோடைக்குப் பிந்தைய ஜூன், ஜூலைக்கு வந்திருந்தது. வெயில் மாறவில்லை, தேர்வு மாதம் மாறியது, ஆண்டே கூடவே நகர்ந்தது. எப்போது ஓய்வு என்பதை வெயில் முடிவு செய்தது. எது ஆண்டின் முதல், எது முடிவு என்பதைத் தேர்வுதான் முடிவு செய்தது.

மார்ச் தேர்வுக் காலத்தின் பேச்சுவழக்கே இதற்குச் சாட்சி. ஒருவர் 'மார்ச்சில் பாஸ்' என்றால் அதில் ஒரு பெருமிதம். 'செப்டம்பரில் எழுதித் தேறினார்' என்றால் குரல் கொஞ்சம் தாழும். மார்ச்சில் தவறியவருக்குச் செப்டம்பரில் இன்னொரு வாய்ப்பு கொடுக்கப்பட்டது, ஆனால் ஜூனிலேயே மேல்வகுப்பு தொடங்கிவிட்டிருக்கும். செப்டம்பரில் தேறியவர் அடுத்த ஜூன் வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான். தட்டெழுத்து, சுருக்கெழுத்து வகுப்புகளில் எத்தனையோ இளைஞர்கள் போய் உட்கார்ந்தது இந்த இடைவெளியில்தான். படிப்பு அங்கேயே நின்றுபோனவர்களும் உண்டு. ஒன்பது மாதம் சும்மா வைத்துச் சோறு போட முடிந்த குடும்பத்துப் பிள்ளை மறுபடி கல்லூரிக்குப் போனான். முடியாத குடும்பத்துப் பிள்ளை வேலைக்குப் போனான். மதிப்பெண் பட்டியல் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

தேர்வின் இந்த ஆதிக்கம் பற்றி எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1902-இல் வைஸ்ராய் கர்சன் அமைத்த இந்தியப் பல்கலைக்கழகக் கமிஷன், கற்பித்தல் தேர்வுக்கு அடங்கிக் கிடப்பதையே இந்நாட்டு உயர்கல்வியின் பெருங்கேடு என்று குறித்தது. 1904-இல் வந்த சட்டம் பல்கலைக்கழகங்கள் தாமே பாடம் நடத்தவும் வழிசெய்தது. 1917 முதல் 1919 வரை வேலை செய்த சாட்லர் கமிஷன் கல்கத்தாவை ஆராய்ந்து அதே நோயைக் கண்டது. சுதந்திரத்துக்குப் பின் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் இயங்கிய கமிஷன், ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வு முறையில்தான் செய்யப்பட வேண்டும் என்ற அளவுக்குப் போனது. மூன்று கமிஷன்கள், ஏறத்தாழ அரை நூற்றாண்டு, ஒரே நோய்க்குறிப்பு. ராதாகிருஷ்ணன் கமிஷன் நாட்காட்டியிலும் கைவைத்தது. தேர்வு நாட்களைச் சேர்க்காமல் ஆண்டுக்குக் குறைந்தது 180 வேலை நாட்கள், தலா பதினொரு வாரம் கொண்ட மூன்று டேர்ம்கள் என்று அது பரிந்துரைத்தது. 'தேர்வு நாட்களைச் சேர்க்காமல்' என்ற அந்த நிபந்தனைதான் இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கற்பிக்கும் நாளைத் தனியாக எடுத்து, அதற்கென்று ஒரு கணக்கு வைக்க வேண்டும் என்று அது சொன்னது. 1964-66-இல் கோத்தாரி கமிஷன் இன்னும் மேலே போய்க் கல்லூரிகளுக்கு 36 வாரம், 216 நாள் கேட்டது. அது ஏட்டோடு நின்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் இன்றும் நிற்பது 180 நாள், 30 வாரம். குறைந்தபட்சம் என்று எழுதப்பட்ட எண் காலப்போக்கில் அதிகபட்சமாகிவிட்டது. இன்றைய செமஸ்டர் முறையில் ஒரு பருவத்துக்கு அதில் பாதி, 90 நாள். அது முடிந்த மறுநாள் ஒரு வகுப்பு நடந்தால் அதை மாணவர்கள் அநியாயம் என்றே நினைக்கிறார்கள்.

கற்பிக்கும் நாளைக் காப்பாற்ற நம் கல்லூரிகள் கைக்கொண்ட ஓர் ஏற்பாட்டை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் காலண்டரை, அதாவது ஜூனில் கையில் கொடுக்கப்படும் அந்தச் சின்னப் புத்தகத்தை, விரித்துப் பாருங்கள். முன்பக்கங்களில் விதிகள், ஆசிரியர் பெயர்கள், கட்டண விவரம். பிறகு மாதத்துக்கு ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ. ஒவ்வொரு தேதிக்கும் எதிரில் கிழமை இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒன்று முதல் ஆறு வரை ரோமன் எண்ணில் டே ஆர்டர் இருக்கும். கடைசிப் பத்தியில் அதுவரை ஆன வேலை நாட்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். வகுப்பு அட்டவணை கிழமைப்படி இல்லை, டே ஆர்டர்படிதான். செவ்வாய் இரண்டாம் டே ஆர்டர் என்றால், புதன் மிலாடி நபி விடுமுறை வந்தால், மூன்றாம் டே ஆர்டர் வியாழனுக்குப் போகும். புதன்கிழமை வகுப்புகள் என்று ஒரு தொகுதி பலியாவதே இல்லை. கிழமைப்படி அட்டவணை போடும் இடங்களில் வெள்ளி, திங்கள் வகுப்பு எடுக்கும் ஆசிரியர் ஆண்டு முழுவதும் பாடத்தை முடிக்கத் தவிப்பார். டே ஆர்டரில் எல்லாப் பாடத்துக்கும் இழப்பு சமமாகப் பகிரப்படுகிறது. பண்டிகைகள் நெருக்கமாக வரும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. கல்லூரி ஆண்டில் முன்னோக்கி எண்ணப்படும் ஒரே பத்தி அந்த வேலை நாள் எண்ணிக்கைதான். அது கற்பித்தலின் பக்கம் நிற்கிறது. ஆனால் அந்தப் பத்தியையும் மாணவர்கள் தலைகீழாகத்தான் படிக்கிறார்கள். 75 சதவீத வருகை வேண்டும்; 90-இல் 68 நாள் போனால் போதும்; மிச்சம் 22. எங்கே எடுப்பது? குறைந்தால் அதை மன்னிக்கக் கண்டொனேஷன் கட்டணம் கட்டலாமா? இப்படி யோசிக்கும் மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்வறைக்குள் நுழைய ஹால் டிக்கெட் தரும் சலுகையாக வருகையை அறிமுகப்படுத்திவிட்டு, அதைக் கற்றலாக அவர் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

1970-களில் செமஸ்டர் முறை வந்தபோது அது இந்தப் பழைய நோய்க்கு மருந்தாகவே முன்வைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரே தேர்வு என்ற கொடுமை போகும். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் படிக்கலாம். ஒன்றில் தவறினாலும் மேல்வகுப்புக்குப் போய்க்கொண்டே அரியர் எழுதிக்கொள்ளலாம். கடைசிப் பயன் உண்மையானது, பெரியது. ராமானுஜன் போன்ற ஒருவர் இன்று வந்தால் ஆங்கிலத் தாள் அரியராக நிற்கும், கணிதம் தொடரும். ஓர் ஆண்டு முழுதாகப் போகும் தண்டனையை ஒழித்ததற்காகச் செமஸ்டர் முறைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அது தேர்வின் ஆதிக்கத்தைக் குறைக்கவில்லை, இரட்டிப்பாக்கியது. மார்ச்சில் ஒருமுறை வந்த தேர்வுக் காலம் இப்போது நவம்பரிலும் ஏப்ரலிலும் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்டர்னல், மாடல் எக்ஸாம், செய்முறைத் தேர்வு, ஸ்டடி ஹாலிடேஸ். பின்னால் விடைத்தாள் திருத்தம். பழைய ஆண்டு முறையில் ஜூலை முதல் ஜனவரி வரை தேர்வின் நிழல் படாத ஒரு நீண்ட வெளி இருந்தது. கல்லூரித் தமிழ் மன்றங்களும் நாடகக் குழுக்களும் விவாத மேடைகளும் அந்த வெளியில்தான் செழித்தன. நூலகத்தில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத புத்தகத்தை ஒரு மாதம் வைத்துப் படிக்க நேரம் இருந்தது. இப்போது பாடம் தொடங்கி ஆறாவது வாரம் முதல் இன்டர்னல். மாணவர் திட்டமிடத் தெரியாதவர் என்கிறோம். திட்டமிடுவதற்கு வேண்டிய தொடர்ச்சியான காலத்தை நாம் விட்டுவைக்கவில்லை.

இதைவிடக் கண்முன் தெரிகிற விளைவு ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்வது. கேரளமும் கர்நாடகமும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நனையும். நாம் நனைவது தீபாவளியை ஒட்டி. ஆண்டு முறையில் மார்ச் தேர்வு மழைக்கும் கடும் வெயிலுக்கும் இடையில், அழகான ஓர் உலர் இடைவெளியில் உட்கார்ந்திருந்தது. செமஸ்டர் முறை முதல் பருவத் தேர்வை நவம்பரில் கொண்டுபோய் வைத்தது, அதாவது வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதத்தில். 2015 நவம்பர், டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தேர்வுகள் தள்ளிப்போயின. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது டெல்டாவில் மீண்டும் தள்ளிப்போயின. தஞ்சாவூர், நாகப்பட்டினம், கடலூர் மாவட்டங்களில் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து தேர்வெழுதும் மாணவருக்கு நவம்பர் என்பது பாலம் மூழ்குமா, பேருந்து வருமா என்று கவலைப்படும் மாதம். ஒவ்வொரு ஆண்டும் தேர்வைத் தள்ளிவைக்கும் அறிவிப்பு எதிர்பாராத இடராக வெளியிடப்படுகிறது. பருவமழை வருவது எதிர்பாராததா? அது நம் ஊர் நாட்காட்டியிலேயே மிகப் பழைய பதிவு.

பணத்தின் பருவமும் இப்படித்தான் கவனிக்கப்படாமல் போயிற்று. மேட்டூர் அணையில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது மரபு; டெல்டாவில் குறுவைக்கு விதை, உழவு, உரம் எல்லாம் அந்த வாரங்களில்தான் செலவு. கையில் பணம் நிற்பது சம்பா அறுவடை முடியும் தை மாதத்தில். கல்லூரிக் கட்டணமோ ஜூன், ஜூலையில் கேட்கப்படுகிறது. ஜனவரியில் கல்லூரி தொடங்கிய பழைய ஏற்பாடு அறுவடையோடு ஒத்துப்போனது; யாரும் உழவரை நினைத்து அப்படி வைக்கவில்லை, தற்செயல்தான். கட்டணத்தைச் செமஸ்டர்வாரியாகப் பிரித்து வாங்கும் கல்லூரிகளில் இரண்டாம் தவணை டிசம்பர், ஜனவரியில் விழுவது விவசாயக் குடும்பங்களுக்கு ஓரளவு ஆறுதல்.

இதற்கெல்லாம் பதிலாக ஒரு வலுவான வாதம் உண்டு. கல்லூரி தனித் தீவு அல்ல. பிளஸ் டூ முடிவு மேயில் வருகிறது, பொறியியல் கலந்தாய்வு அதன் பிறகு, மருத்துவத்துக்கு நீட் முடிவு வர வேண்டும், அகில இந்திய இடங்கள் நிரம்ப வேண்டும். 2012-இல் பார்ஷ்வநாத் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தொழில்நுட்பக் கல்லூரிகளின் ஆண்டுத் தொடக்கத்தை ஆகஸ்ட் 1 என்று குறித்ததே இந்த இழுபறியை ஒழுங்குபடுத்தத்தான். நாட்காட்டியை ஒரு பல்கலைக்கழகம் இஷ்டப்படி மாற்றினால் மாணவர் இரண்டு பக்கமும் இழப்பார் என்பது சரிதான். ஆனால் இந்த வாதம் முதலாம் ஆண்டுக்கு மட்டுமே பொருந்தும். அது சொல்வதும் ஒருவகையில் இதே கதைதான்: முன்பு கல்லூரி தன் தேர்வுக்கு அடங்கியிருந்தது, இப்போது தனக்கு முந்தைய தேர்வுகளுக்கும் அடங்கியிருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் ஏன் மாற்றிப் பார்க்கவில்லை என்று கேட்டாலும் விடை இங்கேதான் கிடைக்கும். 1978 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுவருகின்றன. கேள்வித்தாளும் பாடத்திட்டமும் அவற்றின் கைக்கு வந்தன. நாட்காட்டியை மட்டும் அவை பெரும்பாலும் பழைய அச்சிலேயே வைத்துக்கொண்டன. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் கல்லூரிக்குள் குடிவந்தது, அவ்வளவுதான்.

2024 ஜூனில் மானியக் குழு ஜூலை-ஆகஸ்ட், ஜனவரி-பிப்ரவரி என ஆண்டுக்கு இரண்டு முறை மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்கு வழிவிட்டிருக்கிறது. துணைத்தேர்வில் தேறியவர் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டாம் என்பது இதன் மிகப் பெரிய பயன். செய்ய முடியுமா என்பது வேறு விஷயம்: ஒரே பாடத்தை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்த ஆசிரியர் வேண்டும், அறை வேண்டும், விடுதி வேண்டும், அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஒருமுறை நடத்துவதே இழுபறி. அதற்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கலந்தாய்வு இல்லை, யாருடைய முடிவும் வர வேண்டியதில்லை. ஜூன் மூன்றாம் வாரம் வகுப்பு தொடங்கினால், வாரத்துக்கு ஆறு நாள் என்று 90 நாளுக்குப் பதினைந்து வாரம். விடுமுறைகளுக்கு ஒரு வாரம் கூட்டினாலும் அக்டோபர் முதல் வாரத்தில் பாடம் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. சனிக்கிழமை வேலை நாள் இல்லாத கல்லூரிகளில் மூன்று வாரம் கூடும். அங்கே பெரும்பாலான சனிக்கிழமைகளை வேலை நாளாக்கினால் தேர்வின் பெரும்பகுதி நவம்பருக்கு முன்பே முடியும். முதலாம் ஆண்டுக்கு மட்டும் தேர்வு தனியாக, பின்னால் நடக்கட்டும். அறைகளும் திருத்துபவர்களும் போதாது என்பார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குத் தனி அட்டவணை போட்டுப் பொறியியல் கல்லூரிகள் ஏற்கெனவே நடத்திக் காட்டியிருக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று ஆண்டு மாணவர்களையும் உட்கார வைப்பதைவிட இரண்டு தவணையாக உட்கார வைத்தால் அறைப் பற்றாக்குறை குறையவே செய்யும்.